பார்த்துக்கொண்டு நின்றவர்கள்



ஓமந்தை என்றதும் உங்களில் பலருக்கு ஏதாவது ஒரு நினைவு வரும். வவுனியா நகரிலிருந்து வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தூரத்தில் ஏ9 வீதியில் இருக்கும் சின்ன ஊர். வயலுக்கும் குளத்துக்கும் பெயர் போயிருக்க வேண்டிய அந்த ஊரின் பெயர், ஒரு தலைமுறை முழுவதற்கும் சோதனைச் சாவடியின் பெயராகவே ஆகிவிட்டது. பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எப்போது திரும்புவாய்... வரிசையில் நின்று இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன இளம் தாய்மார் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள்.

சாவடியைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு பேரைப் பற்றித்தான் பேசுவோம். துப்பாக்கியோடு நிற்பவர் ஒருவர், பையோடு நிற்பவர் ஒருவர். இந்த மாதம் நான் சொல்ல வந்தது மூன்றாவது ஆளைப் பற்றி. அவரிடம் துப்பாக்கியும் இல்லை, பையும் இல்லை. அவர் அந்த வழியாக எங்கும் போக வந்தவரும் இல்லை. ஓர் ஓரமாக நின்று நடப்பதைப் பார்ப்பதும், பார்த்ததைக் குறித்துக்கொள்வதுமே அவருடைய வேலை. இதுவும் ஒரு வேலையா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள்.

வன்னியின் சாவடிகள் எப்படி இருந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இளைய சகோதரிகள் பலருக்கு இது கதை மாதிரித்தான் இருக்கும்.

தொண்ணூறுகளில் வன்னிக்கு வாசல் தாண்டிக்குளம். வவுனியா நகரின் வடக்கு ஓரம். அந்தப் பக்கம் விடுதலைப் புலிகளின் ஆட்சி, இந்தப் பக்கம் இராணுவத்தின் ஆட்சி. வன்னிக்குள் கொண்டுபோகக் கூடாத பொருட்களுக்கு ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. டோர்ச் பற்றரி கூடாது. சீமெந்து கூடாது. யூரியாப் பசளை கூடாது. பெற்றோலும் டீசலும் கூடாது. மருந்துக்கும் அளவு உண்டு. பற்றரியால் கண்ணிவெடி செய்யலாம், யூரியாவால் குண்டு செய்யலாம் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1996 ஜனவரி 31ல் கொழும்பு மத்திய வங்கியில் வெடித்த லொறி எத்தனை வீடுகளில் இழவு விழச் செய்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலின் முழுப் பாரமும் யார் தலையில் விழுந்தது? ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெயும் திரியும் போட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த தாயின் தலையில்தான்.

பொருட்களுக்கு ஒரு பட்டியல் என்றால் மனிதருக்குப் பாஸ். வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வருபவர் தம் விருப்பப்படி தங்க முடியாது. எத்தனை நாளைக்கு என்று பாஸ் எடுக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு நிற்க ஓர் ஆள் வேண்டும். பாஸ் கிடைக்காதவர்கள் பூந்தோட்டம், சிதம்பரபுரம் போன்ற முகாம்களில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்தார்கள். 2002ல் சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், இப்படி நடமாட்டத்தைத் தடுப்பது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? வன்னியை விட்டு வெளியேறப் புலிகளிடமும் பாஸ் எடுக்க வேண்டும். அங்கேயும் பொறுப்பு நிற்க ஆள் வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பொறுப்பு நின்றவர் பதில் சொல்ல வேண்டும். சண்டை போட்ட இரண்டு தரப்புக்கும் இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்!

நம்மவர்கள் சாவடியைக் கண்டது இதற்கும் முன்னால், 1990 ஒக்டோபரில். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களிலிருந்தும் வவுனியாவில் புலிகளின் பிடியில் இருந்த பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். தண்ணீரூற்றும் நீராவிப்பிட்டியும் ஒரே வாரத்தில் வெறிச்சோடின. எதை எடுத்துப் போகலாம் என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. வழியில் மறித்துத் தாலிக்கொடியையும் காதில் கிடந்ததையும் கழற்றச் சொன்ன கதைகளை உங்கள் உம்மாவிடமோ உம்மம்மாவிடமோ கேட்டிருப்பீர்கள். யார் எதைக் கழற்றிக் கொடுத்தார் என்று பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ள வெளியார் ஒருவரும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டு, சட்ட மற்றும் சமூக நம்பிக்கை நிதியத்தின் முயற்சியில் அமைந்த குடிமக்கள் ஆணைக்குழு முழு அறிக்கையை எழுதி முடித்தபோது 2011 ஆகிவிட்டது. 21 வருடங்கள்! கழற்றிக் கொடுத்த பெண்களில் எத்தனை பேர் அதற்குள் மௌத்தாகிவிட்டார்களோ!

பார்த்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்காக, வன்னிக்கு அடுத்த யாழ்ப்பாணத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிருஷாந்தி குமாரசாமியின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி. 1996 செப்டெம்பர் 7ல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பியவளைச் செம்மணிச் சாவடியில் மறித்தார்கள். வீட்டில் தாய் காத்துக்கொண்டிருக்கிறாள். நேரம் போகிறது, பிள்ளை வரவில்லை. அந்த வழியாக வந்த ஒருவர், மகளைச் செம்மணியில் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னார். தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் தேடிப் போனார்கள். அவர்களும் திரும்பவில்லை. நான்கு பேரையும் கொன்று புதைத்திருந்தார்கள்.

அந்த வழிப்போக்கர் கண்ணை மூடிக்கொண்டு போயிருந்தால்? கிருஷாந்தி எங்கே காணாமற் போனாள் என்பதே தெரிந்திருக்காது. கடைசியாக அவள் எங்கே நின்றாள் என்பதற்குச் சாட்சி இருந்தது. அதனால் வழக்கு நின்றது. 1998 ஜூலையில் கொழும்பு உயர் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர், செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைந்திருக்கின்றன என்று அந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999ல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. 2025ல் அதே செம்மணிப் பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அந்த மனிதர்களையும் யாராவது எங்கேயாவது மறித்திருப்பார்கள். அதைப் பார்த்து வீட்டுக்கு வந்து சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை.

இன்னொரு வகைப் பார்வையாளரும் நம் நாட்டில் இருந்தார், அவரையும் சொல்லிவிட வேண்டும். தலைக்குமேல் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்து ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஊர் மக்கள் அவர் முன்னால் ஒவ்வொருவராக நடந்து போக வேண்டும். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆள் பிடிபடுவார். தலையாட்டி என்பது அவருக்கு மக்கள் வைத்த பெயர். முகத்தை மூடிக்கொண்டு பார்ப்பவர் அவர். நான் சொல்லும் மூன்றாவது ஆளோ, முகம் தெரிய நின்று, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும்படி பார்ப்பவர்.

அப்படி நிற்பதைப் பெண்களே தங்கள் வேலையாக எடுத்துக்கொண்ட ஓர் இடம் உண்டு. பலஸ்தீனத்தைப் பற்றி நாம் படிக்காத மாதம் இல்லை. ஆனால் இதைக் கேட்டால் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2001ன் தொடக்கத்தில் மூன்று இஸ்ரேலியப் பெண்கள் சேர்ந்து ‘மக்சோம் வாட்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மக்சோம் என்றால் ஹீப்ரு மொழியில் தடுப்பு, சாவடி என்று பொருள். இதில் பெண்கள் மட்டுமே சேரலாம். சம்பளம் கிடையாது. சில ஆண்டுகளுக்குள் சில நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். பலர் ஓய்வுபெற்றவர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். தங்கள் சொந்தப் பிள்ளைகளே அதே படையில் பணியாற்றிய தாய்மாரும் அவர்களில் உண்டு.

என்ன செய்கிறார்கள் தெரியுமா? விடியற்காலையிலும் பின்னேரத்திலும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கலந்தியா, ஹுவாரா போன்ற சாவடிகளுக்குப் போவார்கள். சட்டையில் அமைப்பின் சின்னத்தைக் குத்திக்கொண்டு வரிசைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இப்போது மணி என்ன, வரிசையில் எத்தனை பேர், எத்தனை வாயில்கள் திறந்திருக்கின்றன, யாரைத் திருப்பி அனுப்பினார்கள், யாரை ஓரமாக உட்கார வைத்தார்கள், எவ்வளவு நேரம் வைத்தார்கள்? எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். நோயாளியை மறித்துவிட்டால் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுப்பார்கள். சில நேரம் வழி பிறக்கும், பல நேரம் பிறக்காது. வீட்டுக்குப் போனதும் அன்றைய அறிக்கையை எழுதி எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவார்கள். நாம் வீட்டுக் கணக்கை எழுதுகிறோமே, அதே பொறுமையோடு வருடக்கணக்கில் எழுதினார்கள்.

2004 நவம்பரில் நப்லுஸுக்கு அருகே பைத் இபா சாவடியில் நின்ற ஒரு மக்சோம் வாட்ச் பெண்ணின் கமராவில் ஒரு காட்சி பதிவாயிற்று. பலஸ்தீன இளைஞர் ஒருவர் சிப்பாய்களுக்கு முன்னால் நின்று வயலின் வாசிக்கிறார், பின்னால் மக்கள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. இஸ்ரேலிலேயே பெரிய சர்ச்சையானது. நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, அவராகத்தான் வாசித்தார் என்று இராணுவம் விளக்கம் சொன்னது. எதுவானாலும், அந்த விளக்கத்தைச் சொல்ல வேண்டிய நிலைக்கு இராணுவத்தைக் கொண்டுவந்தது ஒரு பெண்மணியின் கமரா.

இந்தப் பெண்களிடம் எனக்கு மதிப்பு வரக் காரணம் வேறு. இவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். ‘நாங்கள் நிற்பதால் சிப்பாய் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறான். அப்படியானால் இருக்கவே கூடாத ஒரு சாவடியைப் பார்வைக்கு அழகாக்கிக் கொடுக்கிறோமா?’ என்பதுதான் அந்தக் கேள்வி. அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான யெஹுதித் கேஷெத் 2006ல் எழுதிய நூலில் இந்த வாதங்கள் இருக்கின்றன. நல்ல காரியம் செய்கிறோம் என்ற திருப்தியில் மயங்கிவிடாமல் இப்படிக் கேட்டுக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

பெண் ஒருத்தி பக்கத்தில் நிற்பதன் அருமை சோதனைக்கு உட்பட்ட பெண்ணுக்குத்தான் தெரியும். மறைப்புக்குள் அழைத்துப்போய் உடம்பைத் தடவிப் பார்க்கும்போது, வெளியே இன்னொரு பெண் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதே ஒரு தைரியம். 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்த பிறகு வடக்கு வீதிகளில் சாவடிகள் மீண்டும் முளைத்ததையும், ஏப்ரல் 29ல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்திரை தடைசெய்யப்பட்டதையும், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நம் பெண்களின் கால் நடுங்கியதையும் நான் விவரிக்கத் தேவையில்லை.

சரி, வன்னிக்கு வருவோம். 2002 பெப்ரவரி 23 முதல் போர்நிறுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் பெரிய பெரிய விஷயங்களுக்கு நடுவே சாவடிகளுக்கென்று ஒரு பிரிவு இருந்தது பலருக்குத் தெரியாது. பொதுமக்களுக்குத் தொல்லை இல்லாதபடி சாவடிகளை மறுபரிசீலனை செய்து, 60 நாட்களுக்குள் ஒழுங்குகளை ஏற்படுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். ஏ9 வீதியைத் திறக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. திறந்தார்கள். புத்தளத்திலிருந்து வேன் பிடித்து, 12 வருடங்களுக்குப் பிறகு ஊர் பார்க்கப் போனார்கள் நம்மவர்கள். கூரையில்லாத வீட்டையும் கிணற்றடியையும் பார்த்து அழுதுவிட்டுத் திரும்பினார்கள்.

அவர்கள் கடந்து போன ஓமந்தை அப்போது இப்படி இருந்தது: தெற்கே இராணுவத்தின் சாவடி, வடக்கே புலிகளின் சாவடி. நடுவில் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத நிலம். சூனியப் பிரதேசம் என்பார்கள். அங்கே வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை போட்ட கொடியோடு சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தினர் இருந்தார்கள். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் நம்பவில்லை. நடுவில் இருந்தவர்களை நம்பித்தான் பாதையைத் திறந்தார்கள். ஷெல் விழுந்து செஞ்சிலுவையினர் விலகினால் அன்று பாதையும் மூடிவிடும். 2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துப் பாதை அடைபட்ட பிறகும், ஓமந்தை வாரத்தில் சில நாட்கள் இப்படித்தான் திறந்தது. கிளிநொச்சியில் காப்பாற்ற முடியாத நோயாளிகள் அந்த நிலத்தைக் கடந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சண்டையில் இறந்த பொடியன்களினதும் பெட்டைகளினதும் உடல்களும் அதே நிலத்தைக் கடந்து போயின.

செஞ்சிலுவையினர் கண்டதை ஊருக்குச் சொல்வதில்லை. அது அவர்களுடைய கொள்கை. சம்பந்தப்பட்ட தரப்பிடம் மட்டும் தனியாகச் சொல்வார்கள். அப்படியானால் அதில் என்ன பயன் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் வெளியே சொல்லாததால்தான் இரண்டு தரப்பும் அவர்களை உள்ளே விட்டன. மக்சோம் வாட்ச் பெண்கள் எழுதி வெளியிடுகிறார்கள். சொந்த நாட்டு இராணுவம் என்பதால் அவர்களுக்கு அது முடிகிறது. நம் நாட்டில் அந்த வழியைப் பார்த்தவர்களும் உண்டு. பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நெஷனல் என்ற தொண்டர் அமைப்பினர் 1989 முதல் இலங்கையில் இருந்தார்கள். அச்சுறுத்தலுக்கு ஆளானவர்களுக்குத் துணையாக வெறும் கையோடு கூடவே நடப்பது அவர்கள் பணி. அறிக்கைகளை வெளியிடுமுன் எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று அரசாங்கம் நிபந்தனை போட்டபோது அதற்கு ஒப்பாமல் 1998ல் நாட்டை விட்டே போய்விட்டார்கள். எது சரி? எனக்கு இன்றுவரை தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு என்று நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து ஆயுதமில்லாமல் ஏறத்தாழ 60 பேர் வந்தார்கள். இவர்கள் தொண்டர்கள் அல்ல, சம்பளக்காரர்கள். மாவட்டக் குழுக்களில்தான் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் அரசாங்கம் நியமித்த இருவர், புலிகள் நியமித்த இருவர், தலைமைக்கு ஒரு வெளிநாட்டவர். ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரசாங்க உத்தியோகத்தர்கள், மதப் பெரியார்கள் போன்றவர்களை நியமிக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழுதுகொண்டு வரும் தாய்க்குப் போய்ச் சொல்ல ஒரு கதவு இருந்தது. முறைப்பாடு பதிவானது. அதற்குமேல் அவர்களால் எதையும் தடுக்க முடியவில்லை. தண்டிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், அந்த ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டவரும் போய்விட வேண்டும் என்றார்கள் புலிகள். நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. 2008 ஜனவரியில் ஒப்பந்தமே முடிந்தது. குழு மூட்டை கட்டியது.

அதே ஆண்டு செப்டெம்பரில்தான் பெரிய அடி விழுந்தது. ஐக்கிய நாடுகள் சபையும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் கூடினார்கள். போகாதீர்கள் என்று வழி மறித்துக் கெஞ்சினார்கள். அரிசி நின்றுவிடும் என்ற பயம் ஒரு பக்கம் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் கேட்டது அரிசியை அல்ல. நீங்கள் போய்விட்டால் எங்களுக்கு நடப்பதைப் பார்க்க யாரும் இல்லை என்பதுதான் அந்த மக்களின் பேச்சாக இருந்தது. செப்டெம்பர் 16ல் வாகனங்கள் புறப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கம் தங்கியது. 2009 பெப்ரவரிக்கும் மே 9க்கும் இடையில் காயப்பட்டவர்களையும் உடனிருந்தவர்களையுமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கடல் வழியாக வெளியே கொண்டுவந்தது. பிறகு அதற்கும் வழி அடைபட்டது. தன் ஊழியர்கள் வெளியேறியதும் மௌனமாக இருந்ததும் எவ்வளவு பெரிய தவறுகள் என்பதை 2012ல் வெளியான உள்ளக அறிக்கையில் ஐ.நா.வே ஒப்புக்கொண்டது.

யுத்தத்தின் கடைசி நாட்களில் வன்னியிலிருந்து வந்த மக்கள் வெள்ளம் இராணுவச் சாவடிகளைக் கடந்தே வர வேண்டியிருந்தது. ஒன்று, முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம். மற்றது, நமக்குத் தெரிந்த அதே ஓமந்தை. ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் எழுந்து வா என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்றும், விசாரித்துவிட்டு விடுவோம் என்ற பேச்சை நம்பிக் கணவனையும் மகனையும் தாங்களே கையில் பிடித்துக் கொடுத்தார்கள் என்றும் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பிரித்தெடுப்பு வெளியார் கண்காணிப்பு எதுவுமின்றி நடந்தது என்றும், பிரிக்கப்பட்டவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் காணாமற் போனார்கள் என்றும் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011ல் எழுதியது. கொடியோடும் குறிப்பேட்டோடும் யாராவது நிற்க வேண்டிய நாள் ஒன்று இருந்ததென்றால் அது அந்த நாள்தான்.

வட்டுவாகலில் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார் என்று நேரில் கண்டவர்கள் சொல்கிறார்கள். யாழ்ப்பாணம் சென்ட் பற்றிக்ஸ் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப். மே 18ல் சரணடைந்தவர்களின் பெயர்களை அவர் பட்டியல் போட்டாராம். அவர்களோடு அவரும் பஸ்ஸில் ஏற்றப்பட்டார். அவரும் திரும்பவில்லை, அவர் எழுதிய பட்டியலும் திரும்பவில்லை.

மிஞ்சியவர்கள் அந்தப் பெண்கள்தான். அவர்களை யாரும் கண்காணிப்பாளர்களாக நியமிக்கவில்லை. சின்னமோ கொடியோ குறிப்பேடோ அவர்களிடம் இல்லை. இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு பையுமாக நின்றார்கள். ஆனால் அன்று என்ன கிழமை, எத்தனை மணி, எந்தப் பக்கத்து வாசல், கணவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், பஸ் எந்தத் திசையில் போனது என்று ஒன்று விடாமல் மனதில் எழுதிவைத்துக்கொண்டார்கள். 2010 செப்டெம்பரில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தபோது, பயத்தை உதறிவிட்டு வந்து அதை வரிசையாகச் சொன்னார்கள். 2017 பெப்ரவரி 20ல் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் படங்களோடு உட்கார்ந்தார்கள். நான்கு நாள் கழித்து வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் உட்கார்ந்தார்கள். ஓமந்தைச் சாவடியை 2015ல் அகற்றிவிட்டார்கள்.  ஆனால் ஏ9 வீதியோரக் கொட்டிலில் மகனுடைய படத்தோடு உட்கார்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள்.

அவர்கள் முதலில் கேட்டது நட்டஈடு அல்ல, பட்டியல். யார் யாரைப் பொறுப்பேற்றீர்கள் என்று நீங்கள் எழுதிய பட்டியலைக் காட்டுங்கள் என்றார்கள். வட்டுவாகலில் தம் கணவரை ஒப்படைத்ததாகச் சொல்லும் அனந்தி சசிதரனும் வேறு சில பெண்களும் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். முல்லைத்தீவு நீதவான் முன்னிலையில் நடந்த விசாரணையில், சரணடைந்தவர்களின் பட்டியல் இருக்கிறது என்று இராணுவ அதிகாரி ஒருவர் சொன்னார். கொண்டுவாருங்கள் என்றபோது வந்தது, புனர்வாழ்வு முடித்து விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியல். மனைவிமாரின் வாய்மொழி ஒரு பக்கம், இல்லாத காகிதம் மறுபக்கம். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 2022 டிசம்பரில் வவுனியா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்று பாலத்தடியில் நின்று பார்த்த பெண்ணின் சாட்சியத்தை ஏற்று, அவருடைய கணவரை நீதிமன்றத்தில் ஆஜர்ப்படுத்துமாறு இராணுவத்துக்கு உத்தரவிட்டது.